ஆச்சியைப் பத்தி அஞ்சு வரி எழுதச் சொன்னாங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்சவரை அப்படியே விட்டிருக்கோம். இருமல், "ம்ம்ம்", பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் மட்டும் எடுத்தாச்சு.)

வழக்கம்போல காட்டாங்குளத்தூர்ல, என் ரூம்ல, பெட்ஷீட்டைப் போர்த்திக்கிட்டு ரெக்கார்ட் பண்றேன். எக்கோ வராம இருக்கிறதுக்கு அதுதான் என் பட்ஜெட்டுக்கு வழி. வெளியே ரயில் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, செங்கல்பட்டு லோக்கல்.

இன்னைக்குக் கொஞ்சம் வேற மாதிரி எபிசோட். எங்க ஆச்சி, அம்மாவோட அம்மா, போன வருஷம் இறந்துட்டாங்க. முதல் வருஷ நினைவு ஆராதனைக்கு ஒரு நோட்டீஸ் அடிக்கணும். மாமா ஃபோன் பண்ணி, "நீதான் நல்லாப் பேசுறியே, ஆச்சியைப் பத்தி அஞ்சு வரி எழுதிக் குடு"ன்னார். அஞ்சு வரிதானேன்னு லேப்டாப்பைத் திறந்தேன். பத்து நிமிஷத்துல முடிச்சேன். "கர்த்தருக்குள் நித்திரையடைந்த, பக்தியுள்ள தாயார், பாசமுள்ள பாட்டியார், ஜெப வாழ்க்கையில் உறுதியாய் நின்றவர்..." இப்படிப் போச்சு.

படிச்சுப் பார்த்தா ஒரு சந்தேகம். இதுல ஆச்சி பேரை எடுத்துட்டு, எங்க சர்ச்ல போன வருஷம் இறந்த வேற எந்த அம்மா பேரைப் போட்டாலும் சரியா இருக்கும். ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம். வேலையில நாங்க இதை டெம்ப்ளேட்னு சொல்வோம். அறுபது வருஷம் ஒரு குடும்பத்தைத் தூக்கிச் சுமந்த மனுஷி, கடைசியில ஒரு டெம்ப்ளேட்ல பேர் மட்டும் மாறுற இடமா ஆகிட்டாங்க. அதைச் செஞ்சது வேற யாரும் இல்ல, நான்தான்.

அப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். பக்தியான ஒரு கிறிஸ்தவ அம்மாவை, பாட்டியை, இதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல எப்படி எழுதியிருக்காங்க? தேடினதுல ஒரே குடும்பத்துல மூணு விதமான பதில் கிடைச்சது. சத்தியநாதன் குடும்பம். சிந்தாதிரிப்பேட்டைக்காரங்க. அந்தக் கதையைச் சொல்றேன்.

முதல்ல அன்னா சத்தியநாதன். 1832-ல பிறந்தவங்க. அப்பா ஜான் தேவசகாயம், 1830-ல அபிஷேகம் பெற்றவர். தென்னிந்தியாவுல சர்ச் மிஷனரி சொசைட்டியோட முதல் இந்திய குரு அவர்தான். அன்னா கல்யாணம் பண்ணிக்கிட்டது டபிள்யூ. டி. சத்தியநாதனை. அவர் திருநெல்வேலிப் பக்கத்துல ஒரு இந்துக் குடும்பத்துல பிறந்து, பாளையங்கோட்டையில மிஷன் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது கிறிஸ்தவரானவர். 1860-கள்ல ரெண்டு பேரும் மெட்ராஸுக்கு வர்றாங்க. அவர் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்துல போதகர்.

போதகர் மனைவின்னா என்ன வேலை? சம்பளப் பட்டியல்ல அப்படி ஒரு பதவியே கிடையாது. ஆனா அன்னா பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினாங்க. "ஜெனானா வேலை" பண்ணினாங்க. அது என்னன்னு கேக்குறவங்களுக்கு: ஜெனானான்னா வீட்டுக்குள்ள பெண்கள் இருக்கிற பகுதி. அந்தக் காலத்துல பல வசதியான இந்துக் குடும்பங்கள்ல பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டாங்க, அனுப்ப மாட்டாங்க. அப்போ பள்ளிக்கூடம் அவங்க வீட்டுக்குப் போகணும். அன்னா மாதிரி பெண்கள் தெருத்தெருவா போய், உள்ளே உக்காந்து, எழுத்து, வாசிப்பு, தையல், கூடவே பைபிள் சொல்லிக் கொடுத்தாங்க. இதுல மத மாற்ற நோக்கம் இருந்ததா? இருந்தது, அதை மறைச்சுப் பேச வேண்டியதில்லை. அதே சமயம், ஒரு பெண்ணுக்கு "அ" எழுதத் தெரியுதுங்கிறதும் நடந்தது. ரெண்டும் ஒரே திண்ணையில நடந்ததுங்கிறதாலதான் இந்த வரலாறு சுவாரஸ்யமாவும் சிக்கலாவும் இருக்கு.

அன்னா 1862-ல தமிழ்ல ஒரு சின்னப் புத்தகம் எழுதினாங்க. பேரு 'நல்ல தாய்'. நல்ல அம்மா எப்படி இருக்கணும், பிள்ளைகளை எப்படி வளர்க்கணும்னு அம்மாக்களுக்குச் சொல்ற புத்தகம். அப்போ அவங்களுக்கு முப்பது வயசு. என் வயசுக்குக் கிட்ட. நான் இந்த வயசுல ஒரு செடியைக்கூட உயிரோட வளர்த்ததில்ல.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. அன்னா எழுதினது, ஒரு அம்மா எப்படி இருக்கணும்ங்கிறது. தன் அம்மா எப்படி இருந்தாங்கங்கிறது இல்ல. நாம நினைவுநாள் நோட்டீஸ்ல எழுதுறதும் கிட்டத்தட்ட இந்த வகைதான். இறந்தவங்களைப் பத்தி எழுதுறோம்னு நினைச்சுக்கிட்டு, "நல்ல தாய்"னு மனசுல இருக்கிற ஒரு அச்சுல அவங்களை ஊத்துறோம். அன்னாவைக் குறை சொல்லலை. அவங்க எழுதினது அறிவுரைப் புத்தகம், அதுக்கு அந்த வடிவம்தான் சரி. நாம ஒரு ஆளை ஞாபகம் வச்சுக்க அதே வடிவத்தை எடுக்கிறோம். அங்கதான் கோளாறு.

இன்னொரு உதாரணம் சட்டுனு சொல்லிடறேன். வி. எஸ். அசரியா, திருநெல்வேலி வெள்ளாளன்விளைக்காரர், 1912-ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப் ஆனவர். அவங்க அம்மா பேரு எல்லன். ரொம்ப வருஷம் ஆண் குழந்தைக்காக ஜெபம் பண்ணி, அந்தப் பிள்ளை பிறந்ததும் பைபிள்ல வர்ற சாமுவேல் பேரையே வச்சாங்கன்னு எல்லா இடத்துலயும் வரும். அந்த ஒரு ஜெபத்தைத் தாண்டி எல்லன் என்ன சமைச்சாங்க, எதுக்குக் கோபப்பட்டாங்க, யாரோட பேச மாட்டாங்க? பொதுவா சொல்லப்படுற கதையில அதுக்கெல்லாம் இடமே இல்ல. மகன் பெரிய ஆள் ஆனதால அம்மாவோட ஜெபம் மட்டும் மிஞ்சிச்சு.

சரி, இப்போ ரெண்டாவது ஆள். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளும் இவங்கதான். கிருபாபாய். 1862-ல அகமத்நகர்ல பிறந்த மராத்திப் பெண். அப்பா ஹரிபந்த், அம்மா ராதாபாய், பிராமணக் குடும்பத்துலேர்ந்து கிறிஸ்தவரானவங்க. பதினாலு பிள்ளைகள்ல பதிமூணாவது கிருபாபாய். சின்ன வயசுலேயே அப்பா தவறிட்டார். இங்கிலாந்து போய் மருத்துவம் படிக்க உதவித்தொகை கிடைச்சும் உடம்பு சரியில்லாததால போக முடியலை. அதனால 1878-ல மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்கு வந்தாங்க. அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பிச்சு மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. தங்கினது எங்க? சத்தியநாதன் போதகர் வீட்டுல.

முதல் வருஷம் பிரமாதமாப் படிச்சாங்க. அப்புறம் உடம்பு விட்டுப்போச்சு, படிப்பை நிறுத்த வேண்டியதாச்சு. பிறகு அன்னாவோட மகன் சாமுவேலைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, 1881-ல ஊட்டிக்குப் போனாங்க. அங்க முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் ஒரு பக்கம். முக்கியமானது, அவங்க எழுதின 'சகுணா'ங்கிற நாவல். தன் வாழ்க்கையையே கதையா எழுதினது. 1887-88-ல தொடரா வந்தது எதுல தெரியுமா? மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகஸின்ல. நம்ம தாம்பரம் எம்.சி.சி. அப்போ காலேஜ் ஜார்ஜ் டவுன்ல இருந்தது. 1937-லதான் தாம்பரத்துக்கு வந்தது. நான் காலேஜ் படிக்கும்போது தினமும் அந்த மதில் சுவரைத் தாண்டித்தான் ரயில்ல போவேன். உள்ளே மான் இருக்குன்னு மட்டும்தான் தெரியும்.

சகுணாவோட ஆரம்பப் பகுதி கதாநாயகியைப் பத்தினது இல்ல. அவளோட அம்மா ராதாவைப் பத்தினது. சின்ன வயசுல கல்யாணம். கணவன் மெல்ல மெல்ல வேற நம்பிக்கைக்குப் போறான். ராதாவுக்கு ஒண்ணும் புரியலை, பயம். ஆச்சாரம் போயிடும், சொந்தம் போயிடும், தான் கும்பிட்ட சாமி என்ன நினைக்கும்னு பயம். அவ மனசு மாறினது ஒரு ராத்திரியில நடந்ததா எழுதலை கிருபாபாய். பிரியத்தாலயும் வேற வழி இல்லாததாலயும் கணவன் பின்னாடி போன ஒரு பெண், ரொம்ப நாள் கழிச்சு, தன்னோட பாதையில, தன்னோட ஜெபத்துக்கு வந்து சேர்றாங்க.

இதைப் படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா கிருபாபாயும் விசுவாசமான கிறிஸ்தவப் பெண்தான். தன் அம்மாவை "பிறவியிலேயே பக்தை"ன்னு எழுதியிருக்கலாம். மிஷனரிகள் ஆசையா வாசிச்சிருப்பாங்க. ஆனா அவங்க அம்மாவோட பயத்தை எழுதினாங்க. பயத்தை எழுதினதாலதான் நூத்து முப்பது வருஷம் கழிச்சும் அந்த அம்மா ஒரு ஆளா நிக்கிறாங்க. கிருபாபாய் 1894-ல இறந்தாங்க, முப்பத்திரண்டு வயசு. பிறந்த ஒரே குழந்தையும் முன்னாடியே தவறிடுச்சு. அவங்களை ஞாபகம் வச்சுக்க மகளோ பேத்தியோ இல்ல. அவங்க எழுத்து இருந்தது, அவ்வளவுதான்.

மூணாவது, கமலா. சாமுவேல் ரெண்டாவதா கல்யாணம் பண்ணின பெண், ராஜமுந்திரிப் பக்கத்துக்காரங்க. மெட்ராஸ் மாகாணத்துல பி.ஏ. முடிச்ச ஆரம்பகாலப் பெண்கள்ல ஒருத்தர். 1901-ல மெட்ராஸ்லேர்ந்து 'இந்தியன் லேடீஸ் மேகஸின்'னு ஒரு ஆங்கில மாசப் பத்திரிகை தொடங்கினாங்க. பெண்களுக்காக, ஒரு இந்தியப் பெண்ணே ஆசிரியரா இருந்து நடத்தின பத்திரிகை. சரோஜினி நாயுடு அதுல எழுதினாங்க. 1905-ல வங்காளத்துலேர்ந்து ரொக்கேயா ஹுசைன் எழுதின 'சுல்தானாவின் கனவு' முதல்ல அச்சானதும் இதுலதான். ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள்ள, பெண்கள் நாட்டை நடத்துறாங்க, சூரிய சக்தி, பறக்கும் வண்டின்னு எழுதப்பட்ட அந்த அறிவியல் கதைக்கு இடம் கொடுத்தது, மெட்ராஸ்ல இருந்த ஒரு போதகர் குடும்பத்து மருமகள். சயின்ஸ் ஃபிக்‌ஷன் எபிசோட்ல இதை நான் சொல்லாம விட்டுட்டேன், அப்போ தெரியாது.

1906-ல சாமுவேல் ஜப்பான் போன இடத்துல யோகோஹாமாவுல இறந்துட்டார். கமலாவுக்கு முப்பது வயசு ஆகலை. கையில சின்னப் பிள்ளைகள். பத்திரிகையை நிறுத்தலை. 1918 வரை வந்தது. இடையில நின்னு, மறுபடி 1927-லேர்ந்து 1938 வரை நடத்தினாங்க. கமலா 1950-ல இறந்தாங்க. 1956-ல அவங்க மகள் பத்மினி சென்குப்தா அம்மாவைப் பத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதினாங்க. ஆங்கிலத்துல, தலைப்பைத் தமிழ்ல சொன்னா 'ஓர் இந்தியப் பெண்ணின் சித்திரம்'. அதுல அம்மா பிரதானமா ஒரு வேலை செய்யுற பெண், ஒரு பத்திரிகை ஆசிரியர். நம்பிக்கை அந்த வாழ்க்கையோட தரை மாதிரி அடியில இருக்கு. தரையைப் பத்தி யாரும் பக்கம் பக்கமா எழுதுறதில்ல, அது மேல நடக்கிறதைத்தான் எழுதுவாங்க.

ஆக, ஒரு மாமியார், ரெண்டு மருமகள், ஒரு பேத்தி. அந்த வீட்டு ஆண்கள் வரிசையைக் கேட்டா சர்ச் ஆட்கள் கடகடன்னு சொல்வாங்க. சத்தியநாதனுக்கு அப்புறம் மருமகன் கிளார்க் போதகர், பின்னாடி அந்த வழியில பிஷப் சுந்தர் கிளார்க்னு. பெண்கள் வரிசை அப்படி வாயில வராது. எழுதி வச்சதாலதான் நமக்கு வந்திருக்கு. யூனிஸ் டி சூசா இந்தக் குடும்பத்து எழுத்தையெல்லாம் தொகுத்து சாகித்ய அகாடமி 2005-ல புத்தகமாவே போட்டாங்க.

ஆனா எங்க ஆச்சி புத்தகம் எழுதலையே? உங்க பாட்டியும் எழுதியிருக்க மாட்டாங்க. அப்போ எங்க தேடுறது? நான் தேடின வழியைச் சொல்றேன்.

முதல்ல குடும்ப பைபிள். பழைய பைபிளோட முன் பக்கத்துல, இல்லேன்னா பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் சேருற இடத்துல இருக்கிற வெத்துத் தாள்ல, பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எல்லாம் எழுதியிருப்பாங்க. எங்க வீட்டு பைபிள்ல எட்டுப் பேர் பிறந்த தேதி இருந்தது. எங்களுக்குத் தெரிஞ்சது ஏழு பேர்தான். எட்டாவது, அம்மாவுக்கு முன்னாடி பிறந்து பதினோரு நாள்ல இறந்த ஒரு பெண் குழந்தை. பேர்கூட வச்சிருக்காங்க. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. தனக்கு ஒரு அக்கா இருந்தது அன்னைக்குத்தான் தெரியும். அம்மா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் கையில வச்சிருந்தாங்க. ஆச்சி இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

அடுத்து சர்ச் பதிவேடு. இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872-ல வந்தது. அந்தச் சட்டத்தோட பதிவுப் படிவத்துல என்னென்ன கட்டம் இருக்குன்னு பார்த்தேன். பேரு, வயசு, மணமாகாதவரா விதவையா, தொழில், இருப்பிடம், அப்பா பேரு. அம்மா பேருக்குக் கட்டமே இல்ல. நீங்க உங்க கொள்ளுப்பாட்டி பேரைக் கல்யாணப் பதிவுல தேடினா கிடைக்காது, ஞானஸ்நானப் பதிவுல தேடுங்க, அங்க பெத்தவங்க ரெண்டு பேர் பேரும் இருக்கும். ஆச்சியோட கல்யாணச் சான்றிதழ் நகல் மாமாகிட்ட இருந்தது. "தொழில்"னு இருக்கிற இடத்துல தாத்தாவுக்கு "ஆசிரியர்". ஆச்சிக்கு ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான், ஒரு கோடு. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஆச்சியும் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்தாங்கன்னு சின்ன ஆச்சி சொல்லித்தான் தெரியும்.

மூணாவது, நோட்டுப் புத்தகங்கள். இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். ஆச்சி பெட்டிக்குள்ள நாலு நாற்பது பக்க நோட்டு. நான் ஜெபக் குறிப்புன்னு நினைச்சேன். இல்ல, கணக்கு. பெண்கள் ஐக்கியச் சங்கக் கணக்கும் பிடி அரிசிக் கணக்கும். பிடி அரிசின்னா, சோறு பொங்க உலையில போடுறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவுல போட்டு வைக்கிறது. சேர்ந்ததும் சர்ச்சுக்குக் கொடுப்பாங்க, அதை விக்கிற காசு ஊழியத்துக்குப் போகும். தெக்கே ரொம்பப் பழைய பழக்கம். வடகிழக்குல மிசோரத்துல இதே மாதிரி ஒரு கைப்பிடி அரிசிப் பழக்கம் இன்னைக்கும் சபைகளைத் தாங்கிட்டு இருக்கு. கையில காசே பார்க்காத பெண்கள், தங்க கட்டுப்பாட்டுல இருந்த ஒரே பொருளான அரிசியிலேர்ந்து காணிக்கை கொடுத்தாங்கன்னு நான் புரிஞ்சுக்கிறேன். அதுக்குப் புருஷன்கிட்ட அனுமதி கேக்க வேண்டாம்.

அந்த நோட்டுல ஒவ்வொரு மாசமும் யார் எத்தனை படி. சில பேர் பக்கத்துல பென்சில்ல சின்னதா ஒரு புள்ளி. புரியலை. சின்ன ஆச்சிக்கு வாட்ஸ்அப்ல ஃபோட்டோ அனுப்பினேன். அவங்க வாய்ஸ் நோட்ல சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "அதுவா, அந்த மாசம் அவ வீட்டுல அரிசி இல்ல. உங்க ஆச்சி தன் அரிசியைப் போட்டு அவ பேர்ல எழுதிருவா. சர்ச்சுல பட்டியல் வாசிக்கும்போது அவ பேர் விட்டுப் போகக் கூடாதுல்லா."

கணக்குப் பண்ணினா பொய்க் கணக்கு. ஆடிட்டர் பார்த்தா ஒத்துக்க மாட்டார். எண்ணிப் பார்த்தேன், நாலு நோட்டுல இருநூத்தி முப்பத்தாறு புள்ளி. அந்தப் பெண்கள்ல யாருக்காவது இது தெரியுமான்னு கேட்டேன். "யார்ட்டயும் சொல்ல மாட்டா. எனக்கே தற்செயலாத்தான் தெரியும்"னாங்க.

கடைசியா ஒரு விஷயம், இது எனக்கு உறுத்தலாவே இருக்கு. இதெல்லாம் ஆச்சிகிட்டயே கேட்டிருக்கலாம். எட்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். வாரா வாரம் யாரோ ஒருத்தரை இன்டர்வ்யூ பண்ண மைக்கைத் தூக்கிட்டு ஓ.எம்.ஆர் வரைக்கும் போயிருக்கேன். அடுத்த ரூம்ல இருந்தவங்ககிட்ட ஒரு தடவைகூட மைக்கை வைக்கலை. என் ஃபோன்ல அவங்க குரல் பதினேழு வாய்ஸ் நோட்ல இருக்கு. பதினஞ்சு, "சாப்டியா, எப்ப வருவ". ஒண்ணு தப்பா அழுத்தினது, வெறும் ஃபேன் சத்தம். இன்னொண்ணுல ரெண்டு நிமிஷம் எனக்காக ஜெபம் பண்றாங்க. ஒரு புரொமோஷன் இன்டர்வ்யூவுக்கு முன்னாடி அனுப்பினது. அப்போ முழுசாக் கேக்கலை, ஒன்றரை ஸ்பீடுல ஓட விட்டு ஹார்ட் போட்டேன்.

உங்களுக்கு இன்னும் பாட்டி இருந்தா, கேள்வி மட்டும் சரியாக் கேளுங்க. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க"ன்னா, "என்னத்தச் சொல்ல, எல்லாம் ஆண்டவர் கிருபை"ன்னு முடிச்சிருவாங்க. அது தட்டிக் கழிக்கிறது இல்ல, அவங்களைப் பொறுத்தவரை அதுதான் உண்மையான பதில். அதனால பொருளைக் கையில கொடுத்துக் கேளுங்க. பழைய ஃபோட்டோ, பைபிள், ஒரு பாத்திரம். "இந்தத் தூக்குவாளி யார் கொடுத்தது?" அதுலேர்ந்து அரை மணி நேரம் வரும். ஃபோனை மேஜை மேல வைக்காம, ஒரு துணி மேல வைங்க, சத்தம் சுத்தமா இருக்கும். ரெக்கார்ட் பண்றேன்னு சொல்லிட்டுப் பண்ணுங்க.

நோட்டீஸ் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. திருத்தி எழுதினேன். "பக்தியுள்ள தாயார்" இருக்கு. அதை எடுத்தா மாமா விட மாட்டார், எடுக்க எனக்கும் மனசு வரலை. கூட மூணு வரி சேர்த்தேன். கல்யாணத்துக்கு முன் ஆசிரியையாக இருந்தார். இருபத்திரண்டு வருஷம் பெண்கள் சங்கக் கணக்கு எழுதினார். எட்டுப் பிள்ளைகளின் தாய். மாமா ஃபோன்ல அதை வாசிச்சிட்டு, "எட்டுன்னு போட்டிருக்க, ஏழுடா"ன்னார். பைபிள் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு நீலக் டிக் வந்து ரொம்ப நேரம் பதில் இல்ல. அப்புறம், "எட்டுன்னே இருக்கட்டும்"னு ஒரு மெசேஜ்.

புள்ளி விஷயத்தை நோட்டீஸ்ல போடலை. அந்தப் பெண்கள்ல சில பேர் ஆராதனைக்கு வருவாங்க. இங்கயும் யார் பேரையும் சொல்லலை பாருங்க.

அடுத்த வாரம் வழக்கமான எபிசோட்தான், கூடுவாஞ்சேரி ஏரியைப் பத்தி.